சலூன் வாசல் பெஞ்ச்

விடிந்ததும் சலூன்காரர் ஒரு வாளித் தண்ணீரை வாசல் பெஞ்சில் ஊற்றினார். நகராட்சி போட்ட பெஞ்ச். அதில் உட்கார ஆறு பேர், நின்று கேட்க ஆறு பேர். ஊர் நியாயம் அத்தனையும் அங்கேதான் பேசுவார்கள். முடி மட்டும் வெட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"பெஞ்ச் ஈரமா இருக்கு. காயற வரைக்கும் உள்ள இருக்கோம்" என்று ரிட்டையர்டு டிரைவர் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சலூன்காரர் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். படிக்க ஒன்றுமில்லாமல் அவர் குடும்பத்தையே அலச ஆரம்பித்தார்கள்.

"மாமியாரை நீங்க அப்படிப் பேசினது தப்புதான்" என்று டிரைவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

சலூன்காரரின் மனைவிக்கு வந்ததே கோபம். "நகராட்சியில மக்கள் கூட்டம் போடறாங்கல்ல? அங்க போய் பெஞ்சை எடுக்கச் சொல்லுங்க."

போனார். முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த பெஞ்சால பொழைப்பே போகுதுங்க" என்றார். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி. பிறகு, "எல்லாருமே தூக்கிட்டாங்க."

சலூன்காரர் பக்கக் கதவு வழியாக நழுவினார்.

பெஞ்ச் போயிற்று. கூடவே வாடிக்கையும் போகும் என்று அந்தப் புண்ணியவான் நினைக்கவில்லை. முடி வெட்ட வந்தவர்களில் பாதிப் பேர் வாதத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் காலி நாற்காலியைத் துடைத்தார். எதிர்ப்பக்கமாக டிரைவர் போனபோது கூப்பிட வாய் வரவில்லை. ஏன்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"பேச ஆளில்லாம பைத்தியம் பிடிக்குது" என்றார் மனைவியிடம்.

"எடுக்கச் சொன்ன வாயாலயே திரும்பப் போடச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டுவிடுவது என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அங்கே அதிகாரி இருந்தார், பியூன் இருந்தார். மற்றதெல்லாம் வெறும் நாற்காலி.

"பத்துப் பேராவது இருந்தாத்தான் முடிவெடுக்க முடியும்" என்று அதிகாரி பையை மூடினார். "ஜனங்களுக்கு அக்கறை இல்லை. இனிமே கூட்டமே வேண்டாம்னு எழுதிடப் போறேன்."

சலூன்காரர் பியூனின் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவை அவ்வளவு பேர் வந்தாங்களே. போய்க் கூட்டிட்டு வாங்கண்ணே."

"எங்கேன்னு போய்க் கூப்பிடறது?" என்றார் பியூன். "எப்பவும் உங்க பெஞ்சுலேருந்துதான் கூட்டிட்டு வருவேன். அன்னிக்கும் 'பாவம், நம்மாள் பொழைப்பு கெடக்கூடாது'ன்னு அவங்கதான் கை தூக்கினாங்க."