வியாழக்கிழமைக்கு ஓர் அட்ஜஸ்ட்மென்ட்

மூன்று பேர் சீட்டில் நான்காவதாக வந்து உட்கார்ந்த அம்மாள், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்றாள்.

தேவிப்பிரியா ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவள் உடம்பு தானாக ஒரு விரற்கடை சுருங்கிவிடும். குழம்பில் உப்பு குறைந்தால் அட்ஜஸ்ட். தையல் மெஷினில் நூல் இறுகினால் அட்ஜஸ்ட். கம்பெனியில் ஆள் குறைந்தால் தேவிப்பிரியா.

நாளை வியாழக்கிழமை, தருமபுரியில் அவளுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட். மூன்று தடவை தள்ளிப்போட்டாயிற்று. நாளையோடு எல்.எல்.ஆர். காலாவதி. இந்தத் தடவை அவள் சுருங்குவதாக இல்லை.

பாப்பாரப்பட்டியில் இறங்கி நேராக சூப்பர்வைசர் முனிராஜிடம் போனாள். அவர் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தினம் வரும் காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் அந்தக் குரூப்பை மியூட்டில் போட்டு அதன் வாயை அவள் எப்போதோ அடைத்துவிட்டிருந்தாள்.

"சார், நாளைக்கி லீவு வேணுங்க."

முனிராஜ் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உன் மெஷினுக்கு ஆள அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போம்மா."

பக்கத்து மெஷின் லூர்துமேரி அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். "நான் உக்காந்துக்கறேன். பதிலுக்கு என் ஞாயித்துக்கெழம ஓவர்டைம நீ பாத்துரு."

ஞாயிறு, பொம்மிடியில் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. கணவன் சிலம்பரசனுக்குப் போன் செய்தாள்.

"நீங்க மட்டும் போய்ட்டு வந்துருங்க."

"அக்காகிட்ட திட்டு வாங்கறது யாரு?" கொஞ்சம் யோசித்தான். "சரி, வாங்கிக்கறேன். ஆனா ஒரு மாசத்துக்கு ஸ்கூட்டர் எங்கிட்ட."

"அப்ப லைசென்ஸ வச்சு நான் எதைங்க ஓட்டறது?"

"பஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்க."

ஓட்டாவிட்டால் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பர்ஸுக்குள் தன் முகம் போட்ட ஓர் அட்டை இருக்கும். அதை யாரும் நகர்ந்து உட்காரச் சொல்ல முடியாது.

சாயங்காலம் வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் இன்னாசி பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"நாளைக்கி நான் வர மாட்டேண்ணே. போராடி லீவு வாங்கிட்டேன்."

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கி யாரும்மா வரப்போறா? பகல் பூரா கரண்ட் கட்டு, கம்பெனிக்கே லீவுன்னு காலையிலயே முனிராஜ் சார் குரூப்புல போட்டுட்டாரே."