கேட் இல்லாத வேலை

அரியலூரில் ஒரு கல்யாணம் நடக்க மேளம், பந்தல், பத்திரிகை எதுவும் வேண்டாம். விசாரணை மாமா தலையாட்டினால் போதும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். சிமென்ட் ஆலை ஒன்றின் கேட்டில் காலமெல்லாம் வாட்ச்மேனாக நின்று, போகிறவர் வருகிறவர் டிபன் பாக்ஸையெல்லாம் திறந்து பார்த்துப் பழகிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கவே மாட்டார். "வூட்ல எல்லாரும் நல்லவன்னுதான் சொல்லுவாங்க. அயர்ன்காரருகிட்ட கேளு. சட்டப் பையில என்ன கெடந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்" என்பார். பெரம்பலூர் டாக்டர் மாப்பிள்ளை ஒருவரிடம் நோயாளியாகவே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "கை நடுங்கல. குடுக்கலாம்."

தா.பழூருக்குப் போனபோது அவருடைய மீசையைப் பார்த்துப் போலீஸ் என்று பயந்து, மதகடியில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் வாய்க்காலில் குதித்துவிட்டார்கள். திரும்பி வந்து பெண்வீட்டாரிடம் சொன்னார்: "நாலாவதா குதிச்சவன்தான் மாப்ள. நல்லா நீச்சல் அடிக்கிறான். வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

இப்பேர்ப்பட்டவரைத்தான் அப்பா என்மேல் ஏவிவிட்டார்.

எனக்கு ஒரு பெங்களூர் கம்பெனிக்குக் கணக்குச் சரிபார்க்கும் வேலை. எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். சென்னையைவிட வாடகை குறைவு என்று புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் காலத்து வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். கதவைச் சாத்தினால் என் ராஜ்ஜியம். அந்த அறையை விட்டு வருவதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அப்பாவுக்கோ புதுச்சேரி என்றால் பாட்டில் மட்டும்தான் ஞாபகம். "மாமா வந்து பாப்பாரு. சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னாருன்னா, அவரு கூடவே பொட்டியோட வந்துரு" என்று போனை வைத்துவிட்டார்.

வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"சுண்ணாம்பு. ஒரு பொட்டு சிமென்ட்டு இல்ல. எப்புடி நிக்குது?"

"பிரெஞ்சுக்காரன் கட்டுனது மாமா."

"இவ்ளோ பெரிய வூட்ட ஏன் வுட்டுட்டுப் போனான்? வாடகையும் கம்மிங்கிற. வாடகை கம்மின்னா ஒண்ணு பேய் இருக்கணும், இல்ல கேஸ் இருக்கணும்."

அடுத்து ஆபீஸைக் காட்டச் சொன்னார். லேப்டாப்பைக் காட்டினேன்.

"கேட்டு?"

"கேட்டெல்லாம் கெடையாது மாமா."

"கேட்டு இல்லாம என்ன வேல பாப்பா அது? யாரு உள்ள வுடுறது, யாரு வெளிய வுடுறது?"

பதில் சொல்வதற்குள் மீட்டிங் தொடங்கிவிட்டது. எங்கள் மேனேஜர் சேலத்துக்காரர். திரையில் அவர் முகம் தெரிந்ததும் மாமா குறுக்கே தலையை நீட்டினார். "சார், வணக்கம். கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

அந்த வாட்ச்மேன் குரலுக்கு யாரும் எழுந்துவிடுவார்கள். மேனேஜரும் எழுந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. எனக்கு மானம் கப்பலேறியது. மாமா முகத்தில்தான் முதல்முறையாகத் தெளிவு வந்தது. "சரி, நம்மாளுதான். உக்காருங்க சார்."

கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தேன். சாயங்காலம் என் போட்டோவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பால்கடை, டீக்கடை, அயர்ன் வண்டி எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பியபோது முகம் இருண்டு கிடந்தது. என் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"மாப்ள, வேல நெசம்தான். ஆனா ஒண்ணு சரியில்ல. இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் ஒம் பொண்ணத் தெரியல. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு எட்டிப் பாப்பா? நான் ரெண்டு நாள் தங்கி அதச் சரி பண்ணிட்டு வரேன்."

அந்த இரண்டு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். "நம்ம பொண்ணு. அரியலூரு. கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்குது. சாப்பாடுதான் சரியா சாப்புடாது." வெட்கத்தில் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. எப்போது கிளம்புவார் என்றிருந்தது.

அவர் ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்து, ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மத்தியானம் கதவு தட்டும் சத்தம். தூக்குச்சட்டியில் கஞ்சியோடு அயர்ன்காரர்.

"காலையிலேர்ந்து ஜன்னல் தொறக்கலியேம்மா. உங்க மாமா வாரா வாரம் போன் பண்ணி விசாரிப்பாரு. இன்னிக்கு நானே போட்டுச் சொல்லிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது.

"காய்ச்சலாமே?"

"சரியாயிடுச்சு மாமா."

"நெசமா?"

"நெசமாத்தான் மாமா."

மறுநாள் காலை வாசலில் மாமா நின்றார், பின்னால் அம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் நெற்றியில் கை வைத்தார். "பாத்தியா? பொய்தான் சொல்லியிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை அவ்வளவு பிரியமாக யாரும் நம்பாமல் இருந்ததில்லை.