ஆறு காலர் முடிவதற்குள் ஓர் அலமாரி

"இன்னும் ஆறு சட்டைக்குக் காலர் வைக்கணும். அதை முடிச்சிட்டு வந்து, பாத்ரூம் மருந்து அலமாரிய ஒழிச்சு, மாத்திரையெல்லாம் எண்ணி அடுக்கப் போறேன்" என்றாள் சம்சாரம், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

கண்ணாடிக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்குக்கு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடிப் பிழைக்கவும் வழியில்லை.

அலமாரியை ஒழிப்பதில் ஓர் ஆபத்தும் இல்லை. எண்ணுவதில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றடித்துப் பார்த்து, "பிரஷர் ஏறியிருக்கு. தினம் ஒரு மாத்திரை, விடவே கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். மனுஷர் மூன்று நாள் போட்டார். நாலாம் நாள், 'நாற்பத்தாறு வயசிலேயே மாத்திரையா? ஊரே நம்மைக் கிழவன் என்றுவிடுமே!' என்று ஒரு யோசனை வந்தது. விட்டுவிட்டார். அவளோ மாதம் தவறாமல் வாங்கி வந்தாள். காலையில் "போட்டாச்சா?" என்பாள். "போட்டாச்சு" என்பார். அதில் பொய் இல்லை. பஞ்சுப் பொட்டலத்துக்குப் பின்னால் போட்டிருந்தார்.

எறிந்து தொலைத்திருக்கலாமே என்பீர்கள். குப்பைக் கூடை அவள் இலாகா. ஜன்னல் வழியாக வீசினால் கீழ்வீட்டு அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு மாடியேறி வந்து, "உங்க வீட்டு மாத்திரைங்களா பாருங்க" என்று நீட்டுவாள். அவ்வளவு நல்ல அம்மா.

அகப்பட்டால் திட்டு விழும். அது பழகிய சங்கதி. ஆனால், "மாத்திரை விஷயத்துல மட்டும் ஏமாத்தினீங்க, எங்கப்பாவ வரவழைச்சிருவேன்" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். மாமனார் முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஒருமுறை மாப்பிள்ளைக்குச் சளி என்று கேள்விப்பட்டு நாலு நாள் இருக்க வந்தவர், நாலு மாதம் இருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கை நீட்டச் சொல்வார். சாப்பிட்ட பின்னால் இமையை இழுத்துப் பார்ப்பார். தூங்குகிற மனுஷரின் கையைப் பிடித்து நாடி எண்ணுவார். சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. மாமனார்தான் போகவில்லை.

"நீ எதுக்குக் கஷ்டப்படறே? அலமாரிய நான் ஒழிக்கிறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

தையல் மிஷின் நின்றது. "யாரு, நீங்களா?"

"ஏன், நான் ஒரு வேலை செய்யக்கூடாதா?"

"தாராளமா செய்யலாம். பதினெட்டு வருஷமா அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

மிஷின் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அவர் பாத்ரூமுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டார்.

அலமாரிக் கதவைத் திறந்ததும் மூடியில்லாத களிம்பு ஒன்று தலையில் விழுந்தது. அதைத் தொடர்ந்து களிம்பில்லாத மூடிகள் நாலு விழுந்தன. இருமல் மருந்து பாட்டில் தட்டோடு ஒட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. பஞ்சுக்குப் பின்னால் கையை விட்டு அட்டை அட்டையாக உருவினார். மொத்தம் இருபத்தோரு அட்டை! பனியனை இறுக்கிக் கால்சட்டைக்குள் சொருகி, எல்லாவற்றையும் வயிற்றோடு திணித்தார்.

மிஷின் நின்றது. அவர் கையும் நின்றது.

"ஒண்ணு முடிஞ்சுது!" என்றாள் அங்கிருந்தே. "ஏங்க, காலாவதியானத தனியா எடுத்து வைங்க."

"வைக்கிறேன், வைக்கிறேன்."

இனி வெளியே போகவும் முடியாது. அலமாரியை அப்படியே விட்டால் அவள் வந்துவிடுவாள். வந்தால் வயிற்றைப் பார்ப்பாள். ஆகவே ஒழித்துத்தான் ஆகவேண்டும். தேதியைப் படிக்கப் பார்த்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தன் கண்ணாடியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. "இந்தாங்க உங்க கண்ணாடி. அதில்லாம என்னத்தப் படிப்பீங்க?"

கதவை நாலு விரல் அகலம் திறந்து கையை நீட்டினார். கரகர என்றது வயிறு.

"என்ன சத்தம்?"

"வயிறுதான்."

"வயிறு காகிதம் கசக்கற மாதிரியா சத்தம் போடும்?"

"வாயு. காலையிலேருந்தே ஒரு மாதிரி இருக்கு."

"அப்படியா? எங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேண்டாம்! இப்பத்தான் சரியாச்சு!"

அவள் போய்விட்டாள். அவருக்குப் பனியன் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. மூச்சை அடக்கி நின்றால்தான் வயிறு சத்தம் போடாது. எனவே மூச்சே விடாமல் செய்தார்.

"ரெண்டு! தட்டையெல்லாம் சோப்புப் போட்டுத் துடைங்க."

துடைத்தார்.

"மூணு! கீல்ல துரு இருக்கும், பழைய பிரஷ்ஷால தேய்ங்க."

தேய்த்தார்.

"நாலு! கண் மருந்து மேல் தட்டுல. புண்ணு மருந்து கீழ்த் தட்டுல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கப்படாது."

பிரித்து வைத்தார். காலாவதியானவை ஒரு பை நிறையச் சேர்ந்தன. அதில் ஒரு தைலம் அவர்கள் கல்யாணத்துக்கு முந்தினது.

"அஞ்சு! வெளிக் கண்ணாடிய மறந்துடாதீங்க."

கண்ணாடியில் பார்த்தால், வேர்த்து வழிய, இடுப்புக்கு மேல் மூட்டை கட்டிய ஒரு மனுஷர் நின்றார். அவரையும் சேர்த்துத் துடைத்தார்.

"ஆறு!"

மிஷின் அடியோடு ஓய்ந்தது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கண்ணாடிக்காரர் ஈரத் துண்டை வயிற்றின்மேல் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தார்.

அவள் அலமாரியைத் திறந்தாள், மூடினாள். கீல் முனகவில்லை. தட்டை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பிழைத்தோம் என்று விட்டிருந்தால் பிழைத்திருப்பார். பயந்த வாய் சும்மா இருக்குமா? "மாத்திரைய எண்ணலையா?" என்று கேட்டுவிட்டார்.

"எங்கே எண்ணறது? எல்லாம்தான் உங்க பனியனுக்குள்ள இருக்கே."

கரகர என்றது.

"எடுங்க வெளியில." எடுத்தார். அவள் இருபத்தோரு அட்டையையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். "நாளைக்குக் காலையில இந்தப் பையோட டாக்டர்கிட்ட வர்றீங்க. ஏழு மாசமா போடலைன்னு உங்க வாயாலயே சொல்றீங்க. அவர் என்ன சொல்றாரோ அதை என் கண்ணு முன்னாடி முழுங்கறீங்க. இல்லைன்னா அப்பா."

"சரி."

"பஞ்சு எடுக்கப் போனா கையில தட்டுப்படாதா? எனக்கு நாலு நாளாத் தெரியும்."

"அப்போ எண்ணப் போறேன்னு ஏன் சொன்னே?"

"அலமாரிய ஒழிங்க, ஒழிங்கன்னு ஒரு வருஷமாக் கெஞ்சினேன், காதுல விழலை. எண்ணப் போறேன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன்" என்றாள், பளபளக்கிற அலமாரியைப் பார்த்தபடி. பிறகு, போகிற போக்கில், "அடுத்த ஞாயித்துக்கிழமை பரண்மேல ஏறி என்னென்ன இருக்குன்னு பார்க்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

கண்ணாடிக்காரர் அன்று சாயந்திரமே ஏணி இரவல் கேட்டுக் கீழ்வீட்டுக்குப் போனார்.