இடப்பக்கம் போன கல்யாண ஆட்டம்

இந்த முறை ஆடவே போவதில்லை என்று ஸ்பாஸ் முடிவெடுத்துவிட்டான். தலையே போனாலும் சரி.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சொந்தக் கல்யாணத்தில், எல்லாரும் வரிசையாகக் கைகோத்து ஆடும் ஹோரோவில் நின்றவன், காலை மாற்றி வைத்து, மாமனாரோடு சேர்த்து ஒன்பது பேரைக் கவிழ்த்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாகியும் கப்ரோவோ ஊரில் ஒருத்தரும் அதை மறந்து தொலைக்கவில்லை. இப்போது மைத்துனி ரூஜாவுக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை ஹோரோவில் சேராவிட்டால் ஊர் சிரிக்கும் என்று மனைவி தெமெனுகா ஒரு வாரமாக அவன் உயிரை எடுத்தாள். சேர்ந்தால்தான் ஊர் சிரிக்கும் என்பது அவளுக்குப் புரிந்தால்தானே?

நல்லவேளை, கையில் ஒரு வேலை இருந்தது. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்குப் படம் வரைவது. கல்யாணத்தில் முதன்முதலாக ஹோரோவை முன்னால் நின்று நடத்தும் யானா என்ற குட்டிப்பெண்ணின் கதை. கடைசிப் படத்தை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டான். அதை வெளியே சொல்ல அவனுக்கென்ன பைத்தியமா?

"திங்கட்கிழமை காலையில படம் அச்சுக்குப் போகணும்மா. ஞாயித்துக்கிழமை நான் எப்படி வர முடியும்?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

தெமெனுகா சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். படத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, இது கல்யாண வீடா, எழவு வீடா?"

"என்ன பேச்சு பேசற?"

"எல்லார் காலும் இடப்பக்கமா போகுதே. கல்யாண ஹோரோ வலப்பக்கம்தானே போகும்? செத்தவங்களுக்கு ஆடுறதுதான் இடப்பக்கம்."

"போட்டோவைப் பார்த்துத்தானே வரைஞ்சேன்?"

"எந்தச் சாவு வீட்டு போட்டோவோ."

ஸ்பாஸ் அதை வெடுக்கென்று வாங்கினான். தாளைப் பார்த்தான். ஆமாம், இடப்பக்கமேதான். பதினான்கு பேர், இருபத்தெட்டுக் கால். இது இப்படியே அச்சாகி வந்தால் அப்புறம் எவன் வேலை கொடுப்பான்? திருப்பி வரையலாம் என்றால் எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்று யாருக்குத் தெரியும்?

தெமெனுகாதான் ஆறுதல் சொன்னாள். ஆட வேண்டாமாம். ஓரமாக உட்கார்ந்து நாலு பேர் காலைப் பார்த்து வரைந்துகொண்டால் போதுமாம். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்தான். நாற்காலியிலிருந்து பார்த்தால் முதுகும் பாவாடையும்தான் தெரிந்தன. கிட்டே வாங்க என்றாள் தெமெனுகா. போனான். இன்னும் கொஞ்சம் என்றாள். அதற்கும் போனான். நோட்டை யார் பிடுங்கினார்கள் என்றே தெரியவில்லை. ஒரு கை மாமியாரிடம், மறு கை தெமெனுகாவிடம் மாட்டிக்கொண்டது. கிளாரினெட் ஊதுகிறவனுக்கு அன்றைக்கென்று மூச்சே வாங்கவில்லை. இரண்டு மணி நேரம் விட்டார்களா பாவிகள்? மாமியாரின் காலை மட்டும் பதினோரு தடவை மிதித்தான். வீடியோக்காரன் ஒன்றையும் விடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும், வீங்கின பாதங்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு படத்தை எடுத்தான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான். பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், இங்க வா. இவங்கல்லாம் நம்மைப் பார்த்து நிக்கறாங்க. அவங்களுக்கு வலம்னா நமக்கு இடம். நான் சரியாத்தான் வரைஞ்சிருக்கேன்."

"தெரியுமே" என்றாள் தெமெனுகா, காபியை ஆற்றிக்கொண்டே.

"தெரிஞ்சுமா என்னை இந்தப் பாடு படுத்தின?"

"நான் என்னங்க பண்றது? நீங்க இடம் கொடுத்தீங்க."