எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்

"சேர்ந்த நாள்லேருந்து பார்க்கிறேன் சார். எதைக் கொடுத்தாலும் திட்டுது. சனிக்கிழமைன்னா கட்டாயம் திட்டுது" என்றார் பள்ளி அலுவலகத்தின் எழுத்தர் அம்மா. அவர் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி நின்றது: 'பட்டியல் தேவை.'

ப்ரோக்ராமர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து வருடத்துக்கு முன்பு லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இந்த ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அக்கம்பக்கத்தில் அந்த மொழியில் எழுதுகிறவர் தாம் ஒருவர்தான் என்பதில் அவருக்குப் பெருமை. அவர் மனைவிக்கு அதுவே கவலை. ப்ரோக்ராமின் வேலை எளிது. வகுப்புக்கு வராத பிள்ளைகளின் எண்களைக் கொடுத்தால், அந்தந்த வீட்டுக்கு 'உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை' என்று மெசேஜ் போகும்.

"நீங்க என்ன போட்டீங்க?"

"ஒரே ஒருத்தன் வரலைன்னா ஒரு நம்பர் போடுவேன். பட்டியல் இல்லைன்னு திட்டும். பேரைப் போட்டா அதுக்கும் திட்டும். சனிக்கிழமை பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸுக்கு வராதவங்க கட்டம் காலியாவே வருது. காலியா இருக்கறதை நான் எப்படி சார் பட்டியலாக்குறது?"

"காலின்னா ஒருத்தர்கூட மட்டம் போடலைன்னு அர்த்தம். பரீட்சை வருஷம் இல்லையா, பயம் இருக்கும்" என்றார் ப்ரோக்ராமர்.

அவருடைய மகளும் பத்தாம் வகுப்புதான். அன்றும் சனிக்கிழமை என்பதால் காலை எட்டு மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பியிருந்தாள். வகுப்பு நடப்பது மைதானத்தைத் தாண்டிப் பின்கட்டில். அதற்கு வாசல் அடுத்த தெருவில்.

"உங்க மேல தப்பு இல்ல மேடம். ப்ரோக்ராம்தான் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்."

அரை மணி நேரம் எழுதினார். ஒற்றை எண் வந்தால் ஒருவர் மட்டுமே உள்ள பட்டியலாக எடுத்துக்கொள்ளும். பெயர் வந்தால் எண்ணைத் தேடிக்கொள்ளும். ஒன்றுமே வராவிட்டால் அதை 'நில்' என்று வைத்துக்கொள்ளும். லிஸ்பில் இந்த நில் ஒரு பல வேடக்காரன். இல்லை என்ற பதிலும் அதுதான், காலிப் பட்டியலும் அதுதான். தமிழில் நில் என்றால் மாடுகூட நிற்கும். லிஸ்பில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

"இனிமே எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கும். அழுத்துங்க."

அம்மா காலிக் கட்டத்தோடு பொத்தானை அழுத்தினார். திட்டு விழவில்லை. இருவரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"என் பையன் வரலைன்னு மெசேஜ் வந்திருக்கு. காலையில என் கண்ணு முன்னாடிதானே கிளம்பினான்?"

வைப்பதற்குள் அடுத்த போன். ப்ரோக்ராமருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விடுமுறை அறிவிப்பு அனுப்ப வசதியாக இருக்கட்டுமென்று, 'கட்டம் காலியென்றால் வகுப்பு முழுவதற்கும் அனுப்பு' என்று எப்போதோ எழுதிவைத்திருந்தார். இத்தனை நாள் அந்தச் சிவப்பு எழுத்துதான் குறுக்கே நின்று காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் இப்போது எடுத்துவிட்டார். நூற்றிருபது வீடுகளுக்கும் பிள்ளையைக் காணோம்.

"ஒண்ணும் பதற வேண்டாம். மறுப்பு அனுப்பிடலாம்" என்று பதறிக்கொண்டே தட்டினார். 'முந்தைய செய்தி தவறு. உங்கள் பிள்ளை வகுப்பில் பத்திரமாக இருக்கிறார்.' அவசரத்தில் எந்த வகுப்பு என்ற கட்டத்தை நிரப்ப மறந்தார். ப்ரோக்ராம் அதையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. எல்லா வகுப்புக்கும் போயிற்று.

"சார், என் பொண்ணு ஒண்ணாம் வகுப்பு. என் மடியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கா. அங்க பத்திரமா இருக்கறது யாரு?" என்றார் ஓர் அம்மா.

பழைய மாணவர்களின் பெயரை யாரும் நீக்கியிருக்கவில்லை. "என் மகன் படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. திரும்ப உக்கார வெச்சுட்டீங்களா?" என்றார் ஒருவர். அவர் குரலில் லேசான நம்பிக்கைகூடத் தெரிந்தது.

தலைமையாசிரியை வெளியூரில், போன் எடுக்கவில்லை. ப்ரோக்ராமர் இணைய வயரைப் பிடுங்கிப் போட்டார். பத்தாம் வகுப்புப் பெற்றோரை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. அறுபது அவருக்கு, அறுபது அம்மாவுக்கு.

"கம்ப்யூட்டர் தப்புங்க. உங்க பையன் வகுப்புலதான் இருக்கான்."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

மைதானத்தைக் கடந்துபோய்ப் பார்த்துவர நேரமில்லை. "பார்த்துட்டு வந்துதான் பேசறேன்."

முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. இருபதாவது போனில் "முதல் பெஞ்சுல இருக்கான்" என்றார். நாற்பதாவதில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பையன் கையைத் தூக்கிப் பதில்கூடச் சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்ட நான்கு அப்பாக்களை, "உள்ள போனீங்கன்னா பிள்ளைங்க கவனம் சிதறும்" என்று திருப்பி அனுப்பினார்.

நடுவில் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, ரெண்டு மெசேஜ் வந்திருக்கு. நம்ம பொண்ணு வந்தாளா, வரலையா?"

"முதல் மெசேஜ் தப்பு, ரெண்டாவதுதான் சரி. பின்கட்டுல உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கா."

"இந்தக் கூத்துக்கு ப்ரோக்ராம் எழுதினது யாரு?"

"அது பழைய ப்ரோக்ராம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பகல் பன்னிரண்டரைக்குக் கடைசிப் பெற்றோரும் சமாதானமானார். தொண்டை வறண்டு, காது சிவந்து, ப்ரோக்ராமர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு பிள்ளையும் தொலையவில்லை, ஒரு பெற்றோரும் போலீசுக்குப் போகவில்லை. செய்த தப்பைத் தாமே ஒட்டுப்போட்டு முடித்த திருப்தி அவருக்கு.

பின்கட்டு வாட்ச்மேன் உள்ளே வந்து, சுவரில் இருந்த ஆணியில் சாவிக்கொத்தை மாட்டினார்.

"கிளாஸ் விட்டாச்சாண்ணே?" என்று கேட்டார் ப்ரோக்ராமர்.

"எந்தக் கிளாஸ் சார்? சனிக்கிழமை கிளாஸை நிறுத்தி ஒரு மாசமாச்சே, வீட்டுல கொடுங்கன்னு ஆளுக்கொரு லெட்டர்கூடப் பிள்ளைங்க கையிலேயே கொடுத்து விட்டாங்களே."