மோதிரம் ஏறிய கார்

கீர்த்தனாவின் நிச்சயதார்த்த மோதிரம் பக்கத்து வீட்டு மிக்கேல்ராஜ் வாத்தியாரின் ரிமோட் பொம்மைக் காரில்தான் மேடைக்கு வரும் என்று மனைவி பொன்னழகு சொன்னதும் உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் மக மோதிரத்தக் கொண்டார அந்தாளு வண்டியா?"

"அவரு எம்புட்டுப் பதமா ஓட்டுறாரு தெரியுமா? வளைவுலகூட வண்டி குலுங்காது. நீங்க ஸ்கூட்டர எடுத்தாலே எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிருது."

பெண்டாட்டி வாயால் அடுத்த வீட்டுக்காரனின் பதத்தைக் கேட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் வயிறு எரியாது? மறுநாளே பேகம்பூரில் நூர் முகமது பொம்மைக் கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை கூடின காராகப் பார்த்து வாங்கிவிட்டார்.

"அண்ணே, இதுல எம்புட்டு அழுத்துறீங்களோ அம்புட்டுத்தான் வேகம். ரிமோட்டுல இருக்குற இந்தச் சக்கரமும் அப்படித்தான், கொஞ்சமாத் திருப்புனா கொஞ்சமாத் திரும்பும். விரலு பதமா இருக்கணும்," என்றார் நூர் முகமது.

இங்கேயும் பதம்தானா என்று உடையப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

அவர் கன்னிவாடித் தோட்டத்தில் வருஷக்கணக்காக மோட்டார் போட்டவர். சுவிட்ச் என்றால் ஒன்று போடுவது, இல்லை அணைப்பது. இடையில் ஒன்று இருப்பது அவர் கைக்குத் தெரியாது. வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ரிமோட் விசையை ஒரே அழுத்தாக அழுத்தினார். பழம் நசுங்கவில்லை. வண்டிதான் குட்டிக்கரணம் அடித்து, காயப்போட்டிருந்த வடகத்தில் போய் விழுந்தது.

"பேசாம மிக்கேல் சார்ட்டயே விட்டுருங்க," என்றாள் பொன்னழகு.

அந்த 'சார்' வேறு சுட்டது. விசை முழுதாக இறங்காதபடி அதன் பின்னால் காகிதத்தை மடித்துத் திணித்தார். மாடியில் மோதிரத்துக்குப் பதில் ஒரு சின்ன வெங்காயத்தை வைத்து ஓட்டினார். வெங்காயம் அசையவில்லை. அடுத்த மாடியில் மிக்கேல்ராஜ் துணி காயப்போட வந்தபோது, அவர் கண்ணில் படட்டும் என்றே இன்னொரு சுற்று விட்டார்.

மண்டபத்தில் மேளம் தொடங்க, கார் மோதிரத்தோடு சாதுவாகப் புறப்பட்டது. உடையப்பன் பெருமை தாங்காமல் மிக்கேல்ராஜைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வியர்வையில் ஊறிப்போன காகிதம் கழன்று விழுந்தது. விரல் பழைய புத்திப்படி அடிவரை இறங்கியது. பாய்ந்த காரைப் பார்த்துப் பதறிச் சக்கரத்தைத் திருப்பினார், அதையும் முழுசாக. கார் சம்பந்தியின் வேட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, பந்திக்குப் போய்க்கொண்டிருந்த பாயச வாளியில் மோதி நின்றது. மோதிரம் பாயசத்துக்குள் போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொன்னழகு சிரிக்கவில்லை.

உடையப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மிக்கேல்ராஜிடம் போனார். "ஒத்துக்கிறேன் சார். ஒங்க விரலு எனக்கு வராது. எனக்குப் பொறாமை, அதான் இம்புட்டும்."

மிக்கேல்ராஜ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயச வாளிக்குள் கரண்டியால் மோதிரத்தைத் துழாவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆனந்தமேரிதான் நிமிர்ந்தாள்.

"எங்க வண்டியும் முழு சார்ஜுல இப்படித்தாண்ணே பாயும். சார்ஜ் எறங்கி, சக்கரம் பாதிகூடத் திரும்ப ஏலாமக் கெடக்கும்போதுதான் இவரு அத வெளியவே எடுத்துட்டு வருவாரு."