கற்றல் வளக் குப்பை

சமூகக் கல்வியைப் பிரச்சினை தீர்க்கும் முறையில் கற்பிப்பதற்குப் பிரச்சினை ஒன்று இன்றியமையாதது. ஆசிரியர் வழிகாட்டியின் முதலாம் பக்கத்திலேயே இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் படித்தவர்கள். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய உண்மை அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்த வகையில், ஜிந்துப்பிட்டியில் சுபோதினி டீச்சர் படிப்பித்த பாடசாலை கொடுத்துவைத்தது. அதன் மதிலோடு ஒட்டி ஒரு குப்பைமேடு இருந்தது. அண்மையிலிருந்து சேய்மைக்குப் போக வேண்டும் என்பது வழிகாட்டியின் அடுத்த கோட்பாடு. குப்பைமேட்டை விட அண்மையான பொருள் அந்த வகுப்பறைக்குக் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அதுவே உள்ளே வந்துவிடும்.

அந்தக் குப்பைமேட்டை வைத்து சுபோதினி மாதிரி வகுப்பு ஒன்று நடத்த வேண்டியிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து பார்க்கப்போகிறது. அவளுக்குக் கோட்பாட்டிலோ குழுவிலோ ஆசை இல்லை. ஆசையெல்லாம் ஒரு இடமாற்றத்தில்தான். மகள் ஹெவ்லொக் டவுனில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மா வரும்வரை கேற்றடியில் தனியே நிற்கிறாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து அம்மா பஸ் மாறி வந்து சேர்வதற்குள் செக்குரிட்டி கேற்றைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அதே பாடசாலையில் சமூகக் கல்விக்கு ஒரு வெற்றிடம் இருந்தது.

"வகுப்பை வடிவாச் செய்யுங்கோ டீச்சர். மாற்றத்துக்கு நானே சிபாரிசு எழுதித் தாறன்" என்றார் ஆசிரிய ஆலோசகர் சிவபாதசுந்தரம். வலயக் கல்விக் கந்தோரில் அவருடைய சிபாரிசு என்றால் சிபாரிசுதான்.

சுபோதினி உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். பிள்ளைகள் மேட்டைச் சுற்றிவந்து பார்த்தார்கள், படம் கீறினார்கள், ஒழுங்கைச் சனத்திடம் பேட்டி எடுத்தார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து குப்பை அள்ளும் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அங்கேதான் சுபோதினி பிழை விட்டாள். கடிதத்துக்கு முத்திரை ஒட்டித் தபாற்பெட்டியில் போட்டுவிட்டாள்.

அதுவரை அந்தக் கந்தோர் எந்தக் கடிதத்துக்கும் அசைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒழுங்கையில் இருக்கும் பழனியம்மா கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுடைய மருமகளும் எழுதுகிறாள். ஆனால் மாதிரி வகுப்புக்கு முதல் நாள் காலை லொறி வந்தது. அள்ளியது. போதாதென்று இடத்தைக் கழுவி வெள்ளைத் தூளும் தூவிவிட்டுப் போனது. பழனியம்மா ஓடிப்போய் முருகன் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

செய்தி கேட்டு சிவபாதசுந்தரம் வந்து மதிலடியில் நின்றார். செத்த வீட்டுக்கு வந்தவரின் முகம்.

"எங்க டீச்சர் பிரச்சினை?"

"அள்ளிக்கொண்டு போயிட்டினம் சேர். பிள்ளையளின்ர கடிதத்தைப் பாத்து."

"கடிதத்தை ஆர் போடச் சொன்னது?"

"வழிகாட்டியில இருக்கே சேர், கடிதம் வரைதல் எண்டு."

"வரையத்தானே சொல்லியிருக்கு! தபாற்பெட்டி எந்தப் பக்கத்தில இருக்கு? காட்டுங்கோ பாப்பம்."

சுபோதினி வழிகாட்டியைப் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் தபாற்பெட்டி இல்லைத்தான்.

"அப்ப பிரச்சினை தீர்ந்திட்டுதெண்டு காட்டுவம் சேர். நல்ல விசயம்தானே?"

"தீர்ந்த பிரச்சினையை எப்பிடி டீச்சர் தீர்க்கிறது? மொத்தம் ஐஞ்சு படி. முதலாம் படி பிரச்சினையை இனங்காணல். குழு வந்து எதை இனங்காணும்? வெள்ளைத் தூளையா?"

"எங்கட டொய்லெட்டில தண்ணி வாறேல்ல. அதை எடுப்பமா?"

பக்கத்தில் நின்ற பாடசாலை அதிபர் சவுந்தரநாயகம் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது பாடசாலையின்ர பிரச்சினை, சமூகத்தின்ர இல்லை. அதை இனங்கண்டா பிறகு என்னைத்தான் இனங்காணுவினம்."

ஆகவே குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. லொறி இன்னும் சந்தியில்தான் நின்றது. அதிபர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சாரதியிடம் சிங்களத்தில் விளக்கினார்.

"குணு ஓனேத, சேர்?" என்று சாரதி இரண்டு தரம் கேட்டார். குப்பையா வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய சேவைக் காலத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு கையை விரித்தார். கொண்டுபோக ஓடர் இருக்கிறது. கொண்டுவர ஓடர் இல்லை.

பள்ளிக்கூடம் விடும்போது பெற்றோருக்கு அறிவித்தல் போனது. "நாளைய தினம் ஒவ்வொரு மாணவரும் தத்தமது இல்லத்திலிருந்து ஒரு பை கற்றல் உபகரணம் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பிளாஸ்டிக், உணவு மீதி ஆகியன விரும்பத்தக்கன."

பழனியம்மா பொங்கிக்கொண்டு வந்தாள். "என்னாங்க மிஸ் இது! காலையிலதான் தேங்கா ஒடச்சேன். சாயந்தரம் குப்பையத் திரும்பக் கொட்டச் சொல்றீங்க?"

"மாதிரி வகுப்பு, பழனியம்மா. பிள்ளையளின்ர படிப்புக்கு."

"படிப்புக்கா?" பழனியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒரு பை போதுமா மிஸ்? மீன் கழுவுனது இருக்கு. நாளைக்குள்ள நல்லா வந்துரும்."

நல்லாகவே வந்தது. மறுநாள் குழு, மூக்கில் கைக்குட்டையோடு, முதலாம் படியைக் கேற்றடியிலேயே இனங்கண்டுவிட்டது. குழுத் தலைவி முன்வரிசையில் இருந்த துஷாந்தினி என்ற பிள்ளையிடம் கேட்டார்.

"இதுக்குத் தீர்வு என்ன மகள்?"

"கடிதம் எழுதணும் மிஸ்."

"எழுதி?"

"கொப்பிக்குள்ள வைக்கணும் மிஸ். தபால்ல போட்டா வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க."

குழு கைதட்டியது. விமரிசனச் சிந்தனை என்று குறித்துக்கொண்டது. ஒரு கிழமைக்குள் மதிலில் பலகை ஒன்று தொங்கியது: "சமூகக் கல்விக் கற்றல் வள நிலையம். இங்குள்ள வளங்களை அகற்றுதல் தண்டனைக்குரியது." குப்பை லொறி வந்து பலகையை வாசித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனது.

சுபோதினி வலயக் கந்தோருக்குப் போனாள்.

"சேர், என்ர மாற்றம்?"

"இருங்கோ டீச்சர்" என்று சிவபாதசுந்தரம் கதிரையை இழுத்துப் போட்டார். "நீங்கள் இப்ப பிரச்சினை தீர்க்கும் முறையின்ர முன்மாதிரி ஆசிரியர். ஹெவ்லொக் டவுனில போய் என்ன செய்யப்போறீங்கள்?"

"வெற்றிடம் இருக்கே சேர்."

"வெற்றிடம் இருக்கு. பிரச்சினை இருக்கா? நான் போய்ப் பாத்தனான். ரோட்டில சோறு போட்டுச் சாப்பிடலாம். அப்பிடி இடத்துக்கு உங்களை அனுப்பினா அரசாங்கத்துக்கு நட்டம். அங்க ஒரு பிரச்சினை வரட்டும், அடுத்த நாளே கையெழுத்து வைக்கிறன்."

"மகள் தனிய நிக்கிறாள் சேர்."

"அது குடும்பப் பிரச்சினை டீச்சர். பாடத்திட்டத்தில இல்லை."

அன்றைக்கு மழை. மகள் பூட்டிய கேற்றோடு ஒட்டிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்தபடி நின்றாள். கோபம் சிவபாதசுந்தரத்தின் மேலா, கோட்பாடுகளின் மேலா, கடிதத்தைத் தபாலில் போட்ட தன்மேலேயா என்று பிரித்துப் பார்க்க சுபோதினிக்குப் பொறுமை இல்லை. கைப்பையைத் திறந்தாள். மத்தியானம் சாப்பிட்டு மிச்சம் விட்ட சோறும் பருப்பும் லஞ்ச் சீற் என்ற பிளாஸ்டிக் தாளில் சுருட்டியபடி கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மதிலோரம் லைட் கம்பத்தடியில் அதை வைத்தாள். எறியவில்லை, பக்குவமாகத்தான் வைத்தாள்.

"அம்மா, ரோட்டில குப்பை போடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"இது குப்பை இல்லை பிள்ளை. விண்ணப்பம்."

அவள் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் வழிகாட்டியின் கடைசிக் கோட்பாடான சமூகப் பங்களிப்பு. மறுநாள் லஞ்ச் சீற்றுக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டிய பை ஒன்று இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு கார் வேகத்தைக் குறைத்தது, கண்ணாடி இறங்கியது, பெட்டி ஒன்று விழுந்தது, கண்ணாடி ஏறியது. பிறகு இளநீர்க் கோம்பை, குழந்தைகளின் பம்பர்ஸ், பிறந்தநாள் கேக் பெட்டி, சுற்றாத ஃபான் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. எல்லாம் நல்ல குடும்பங்கள், வீட்டுக்குள் செருப்புக்கூடப் போடாத குடும்பங்கள். முதல் ஆளாக இருக்கத்தான் இத்தனை காலமும் வெட்கப்பட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வரும் வழியில் சுபோதினி ஒரு காட்சி கண்டாள். பாடசாலைக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் பொன்னம்பலம், மூச்சு வாங்க வாங்க ஒரு பெரிய மெத்தையை இழுத்துவந்து கம்பத்தில் சாத்திக்கொண்டிருந்தார்.

மாதம் முடிவதற்குள் இடமாற்றக் கடிதம் வந்தது. சிவபாதசுந்தரம் சொன்ன சொல் தவறாத மனிதர்.

புதிய பாடசாலையில் முதல் நாள். தாயும் மகளும் கைகோத்தபடி கேற்றடிக்கு வந்தபோது, பொன்னம்பலம் மெத்தைக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"புது டீச்சரே? பாத்தீங்களே இந்த அநியாயத்தை? எல்லாம் அந்த ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஆக்கள் வந்து கொட்டுறது. எங்கட ரோட்டில ஒருத்தரும் இப்பிடிச் செய்யமாட்டினம்."

"ஓம் சேர்" என்றாள் சுபோதினி. ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்தது ஒரு லஞ்ச் சீற் மட்டும்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பிள்ளையளைக் கொண்டு இண்டைக்கே கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதப்போறன்."

பொன்னம்பலம் திடுக்கிட்டு மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"எழுதுங்கோ, எழுதுங்கோ. ஆனா உடனே போட்டிடாதேங்கோ டீச்சர். கட்டில் இன்னும் வீட்டுக்குள்ளதான் கிடக்கு."

"போடமாட்டன் சேர்" என்றாள் சுபோதினி. "எனக்கும் பள்ளித் தவணை முடியுமட்டும் இது வேணும்."